போகக் காற்று, திரும்ப மோட்டார்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசிக்குக் காற்று வந்துவிடும். கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டில் கிடக்கும், மாடித் தொட்டியின் மூடி தெருவில் உருளும். அந்தக் காற்று மேற்கிலிருந்து கிழக்காகத்தான் அடிக்கும். சீசன் முழுக்கத் திரும்பி அடிக்கிற பழக்கமே அதற்குக் கிடையாது. இது தெரிந்திருந்தும் என் வீட்டுக்காரர் கொல்லத்திலிருந்து ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, மினி லாரியில் ஏற்றி, ஆரியங்காவு வழியாகக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார்.

வளைகுடாவில் ஒரு படகுத்துறையில் அவருக்கு வேலை. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அங்கேதான். பணக்காரர்களின் படகுகளைக் கழுவித் துடைத்து, மோட்டார் பூட்டி, ஓட்டிப் பார்க்கக் கொடுத்துவிட்டுக் கரையில் நிற்பார். ஒரு தடவைகூட எதிலும் உட்கார்ந்து போனதில்லையாம். இந்த முறை ஒப்பந்தம் முடிந்து வந்திருந்தார். மறுபடி போவாரா, இருப்பாரா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. விடுப்பு முடியும், பெட்டியைக் கட்டுவோம், அவ்வளவுதான்.

ஆனால் இந்தத் தடவை மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடியுமுன்னே எழுந்து வாசல் கேட்டைத் திறப்பார், மூடுவார். ஒருநாள் சமையலறைக்குள் வந்து மல்லித்தூள் இருந்த இடத்தில் மிளகாய்த்தூளை வைத்துவிட்டுப் போனார். அன்றைய குழம்பை அவரே சாப்பிட்டார், தண்ணீர் குடித்துக்கொண்டு. எனக்கும் நிலை அப்படித்தான். அவருடைய போன் அடித்தால் போதும், என் கையில் இருக்கிற வேலை அப்படியே நின்றுவிடும். அங்கிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இவர் மாடிக்குப் போய்ப் பேசுவார், இறங்கி வந்து படகைச் சுற்றுவார்.

“என்ன சொன்னிய?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“யோசிக்கேன்னு சொல்லியிருக்கேன்.”

யோசிக்கிற மனிதர் ஏன் படகு வாங்குகிறார்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிலும் அந்தப் படகு ஒரு பாதிப் படகு. காற்றை எதிர்த்துப் போவதற்கு அடியில் ஒரு பலகையை இறக்குவார்களாம், அது உடைந்து எங்கேயோ போய்விட்டது. எங்கள் வீடு தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசைப் பக்கம், அவர் படகு விட நினைத்த குளத்தின் மேல்கரையில் இருக்கிறது. பாயை விரித்தால் காற்று கிழக்கே கீழ்கரைக்குக் கொண்டுபோய்விடும். திரும்பி வர முடியாது.

“அதுக்குத்தாம்ட்டி மோட்டாரு. போறதுக்குக் காத்து இருக்கு. வாரதுக்குத்தான் ஒண்ணு பூட்டணும்” என்றார்.

போவதற்கு எல்லாம் தயாராக இருக்கிறது, வருவதற்குத்தான் இல்லை. இதை என்னிடமா சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மோட்டாரும் கொல்லத்தில் வாங்கிய பழசுதான். கடல் படகுக்கானது, தண்டு நீளம். அப்படியே மாட்டினால் அதன் விசிறி குளத்துச் சேற்றைக் கிண்டும். வீடு கட்டியபோது மிஞ்சிய தேக்கு நிலைக்கட்டையை அறுத்து, படகின் பின்பலகைமேல் வைத்து உயரத்தைக் கூட்டினார். பின்பலகையோ தேய்ந்து மெலிந்துபோயிருந்தது. உள்ளே ஒரு பலகை, வெளியே ஒரு பலகை கொடுத்து போல்ட் போட வேண்டியதாயிற்று. அதற்கு ஒரு ஆள் உள்ளே போல்ட்டின் தலையைப் பிடிக்க, ஒரு ஆள் வெளியே நட்டை முறுக்க வேண்டும். உள்ளே நான் உட்கார்ந்தேன்.

“பிடிச்சிருக்கியா?”

“பிடிச்சித்தான் இருக்கேன். நீங்க முறுக்குங்க.”

“சுத்துதே. நல்லாப் பிடி.”

“கை வலிக்கில்லா!”

நடுவில் பலகை இருந்ததால் அவர் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். போனில் பேசிப் பேசியே குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள், அதனால் அது பழகியதுபோலத்தான் இருந்தது. ஆனால் ஸ்பேனர் வழியாக அவர் கையின் பலம் என் கைக்கு வந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வெட்கம்கெட்டதனமாக, போல்ட் இன்னும் நாலு இருக்கக்கூடாதா என்று தோன்றியது.

தண்ணீரில் வைக்காமல் மோட்டாரை ஓட்டினால் சூடேறிக் கெட்டுவிடுமாம். சோதித்துப் பார்க்க வாடகைப் பாத்திரக்கடையில் பெரிய பிரியாணிச் சட்டியை எடுத்து வந்தார். கடைக்காரர் எத்தனை படி அரிசி என்று கேட்டிருக்கிறார். இவர் என்ன பதில் சொன்னாரோ தெரியாது. மோட்டார் ஓடிய வேகத்தில் சட்டித் தண்ணீரில் பாதி என் சேலையில் இருந்தது. அந்தச் சட்டியைப் புளி போட்டு, சீயக்காய் போட்டு நான் தேய்த்த தேய்ப்புக்கு, பெட்ரோல் வாடை போயிருக்கும் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

குளத்தில் இறக்கிய அன்று காலையிலும் போன் வந்தது. சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். அதைச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “சரி” என்றேன். வேறு என்ன சொல்ல? இருங்கள் என்று ஒரு வார்த்தை இருக்கத்தான் செய்கிறது. இத்தனை வருஷமாக அதை நான் எடுத்ததே இல்லை.

வெயில் இறங்கின பிறகு படகைத் தள்ளி ஏறினோம். போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் மடியில் வைத்தார். பாயை ஏற்றியதும் காற்று பிடித்துக்கொண்டது. சத்தமே இல்லை. இவ்வளவு சுலபமாகவா போவது என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. கீழ்கரைக் கற்கள் கிட்டே வந்துவிட்டன. பாயைச் சுருட்டிவிட்டு மோட்டார்க் கயிற்றை இழுத்தார். இருமியது. மறுபடி இழுத்தார், மறுபடி இருமியது. அலை எங்களைக் கல்லை நோக்கித் தள்ளியது. பயத்தில் நான் கத்தியதும் அது பிடித்துக்கொண்டதும் ஒன்றாக நடந்தன.

படகு திரும்பிக் காற்றுக்கு எதிரே ஏறியது. பின்னால் மோட்டார்ப் பிடியில் கை வைத்து அவர் உட்கார்ந்திருந்தார். நான் நடுவில், அவரைப் பார்த்தபடி. என் முதுகெல்லாம் தண்ணீர் தெறித்தது. அப்போது மடியில் போன் அதிர்ந்தது. மோட்டார் போட்ட சத்தத்தில் அவருக்குக் கேட்க வழியில்லை. நின்றது, மறுபடி அதிர்ந்தது. கையை அதன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு அவர் தோளுக்கு மேலே தெரிந்த கீழ்கரையைப் பார்த்தேன். கொடுக்கவேண்டும் என்று தெரியும். கொடுக்கவில்லை.

கரையில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதுதான் கவரை நீட்டினேன்.

“போன் வந்துது. நான் சொல்லல.”

அவர் கவரை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டார்.

“தெரியும்ட்டி. ஒன் மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு வந்தேன்.”

பிறகு குனிந்து மோட்டாரை ஆட்டிப் பார்த்தார்.

“மேல் போல்ட்டு லூசாயிருக்கு. காலைல முறுக்கணும். நீதான் உள்ள பிடிக்கணும்.”