ஆபீஸுக்குள் போன குளிர் ஜாக்கெட்

குளிர்ப்பெட்டி லோரி ஓட்டுகிறேன் என்றால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "உனக்கென்னப்பா, ஜாலி! நாங்கதான் வெயில்ல காயுறோம்." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பின்னால் ஏறி, கல்லாய் இறுகிய கோழிப் பெட்டிகளைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும்.

நான் ஓட்டுகிறவன். உள்ளே ஏறிப் பெட்டி இறக்குகிறவர் என்னோடு வரும் உதவியாள். வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஈஜோக்கில் ஏற்றினால் சுங்கை பஞ்சாங் வரை ஊர் ஊராக, கடைகடையாக இறக்க வேண்டும். கொளுத்துகிற வெயிலிலிருந்து அந்தக் குளிருக்குள் போவார், வருவார், மறுபடி போவார். உடம்பில் மகனுடைய பழைய ஸ்வெட்டர். துணிக் கையுறை நனைந்தால் இன்னும் விறைக்கும் என்று வெறுங்கை.

கம்பெனி ஜாக்கெட் கொடுக்கவில்லையா? கொடுத்தது ஐயா, கொடுத்தது! லோரிக்கு ஒன்று, தடித்த ஜாக்கெட், அதன் பையில் குளிர் தாங்கும் கையுறை. எங்கள் லோரிக்கு வந்ததைச் சூப்பர்வைசர் மாட்டிக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். "ஏர்கோன் ரொம்ப சில்லுனு இருக்கு தம்பி, நாளைக்குத் தரேன் லா" என்பார். அந்த நாளை வரவே இல்லை. அண்ணனோ, "விடுப்பா, எதுக்கு வம்பு" என்று என் வாயை அடைத்துவிடுவார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஒரு நாள் சுங்கை புரோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் அலறினார். "அண்ணே, ரத்தம்!"

"யாருக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

அவர் விரலிலிருந்துதான் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை ஆழமாக அறுத்திருக்கிறது, குளிரில் மரத்துப்போன விரல், மனுஷனுக்குத் தெரியவே இல்லை. "வலிக்கலியே" என்று சிரிக்க வேறு செய்தார்.

கிளினிக்கில் தையல் போட்டு அவரை வீட்டில் இறக்கிவிட்டு நேரே ஆபீஸுக்குப் போனேன். சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார்.

"பெட்டியில ரத்தம் பட்டுருச்சாமே? எத்தன பெட்டி வீணாச்சு?"

"கழட்டுங்க பாஸ்."

"என்னா?"

"ஜாக்கெட்ட கழட்டுங்க. இல்லாட்டி நானே கழட்டிருவேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து கழற்றிக் கொடுத்தார். பையில் கையுறைகள் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தன. நான் வாசலைத் தாண்டுவதற்குள் அவர் தோளைத் தேய்த்துக்கொண்டு, மேசையிலிருந்த ரிமோட்டை எடுத்து ஏர்கோனை அணைத்தார்.

அவ்வளவுதான் வேலை, ஒரு பட்டன். அண்ணனுக்கு அந்த விரல் நுனியில் இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை.