டேங்க் நிறைந்த பிரார்த்தனை

கீரனூருக்கு வெளியே, திருச்சி ரோட்டை ஒட்டி மனை போட்டு விற்ற மாதா நகரில் மூன்றாவது வீடு அருளம்மாளுடையது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் கிழித்த காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அவள் எழுதும் வீட்டுக் கூத்துகளுக்குப் பங்குக் கோயில் இதழில் மாதம் ஒரு பக்கம் உண்டு. பெயர் போட மாட்டாள். கணவர் லியோன் திருச்சியில் ஓர் இரும்புக் கடைக்குப் பஸ்ஸில் போய் வருகிறவர். இதழில் பூசை நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். அந்தத் தைரியத்தில்தான் அவள் எழுதியதெல்லாம்.

அதில் ஒன்றுதான் டேங்க் கதை. ஒன்றுவிட்டு ஒரு நாள் மாலை ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். மோட்டாரைப் போட்டுவிட்டுத்தான் குடும்பமே ஜெபமாலைக்கு முட்டி போடும். அன்று லியோன் மாதாவின் பட்டப் பெயர்களை அடுக்கும் மாதா பிரார்த்தனையை முன்னின்று சொல்ல, அவளும் மகள் பாத்திமாவும் கண்ணை மூடி ஒவ்வொன்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாடியில் தண்ணீர் வழிகிற சத்தம். அவர் ராகம் மாறாமல், "டேங்க் நெறஞ்சு போச்சு" என்றார்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள் இருவரும், பக்தியோடு.

"மோட்டர நிப்பாட்டு புள்ள."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

இதழில் இதைப் படித்து, எழுதியது அவள்தான் என்று கண்டுபிடித்த பக்கத்துத் தெரு ஜெரால்டு குறும்படமாக எடுத்துவிட்டான். திருவிழா மூன்றாம் நாள் கோயில் திடலில் திரை கட்டிப் போடப் போவதாக வந்து சொன்னான்.

"ஐயோ, அவுக மனசு ஒடைஞ்சிருமேடா! நம்ம தெருவுல செபம் சொல்றதே அவுகதான். இனி வாயத் தெறந்தாலே எல்லாரும் சிரிப்பாகளே!"

"மாமாவுக்கு எப்புடி அத்தே தெரியும்? படத்துல வர்றவருக்கு மீசை வச்சிருக்கேன்ல."

கரண்ட் போகட்டும் என்று அந்தோணியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள். கரண்ட் போகவில்லை.

திரையில் டேங்க் நிறைந்ததும் திடலே சிரித்தது. லியோனும் சிரித்தார். அருளம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மீசைக்காரர் ஜெபமாலையை ஆணியில் மாட்டிவிட்டு மாடிக்கு ஓட, படம் முடிந்தது. லியோன் எழுந்து நின்றார்.

"டேய் ஜெரால்டு! மீதிப் பிரார்த்தனை எங்கடா? மோட்டர நிப்பாட்டிட்டு வந்து முதல்லேருந்து சொன்னேன்டா. நான் பாதியில விடலடா!"

திடல் முன்னைவிட இரண்டு மடங்கு சிரித்தது. லியோனுடைய முகம் சுருங்கிவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார்.

"நீதானே எழுதுன?"

"ஆமாங்க."

"சிரிக்கட்டும், அது கெடக்கு. திரும்ப முட்டி போட்டுச் சொன்னோமே, அத ஏன் எழுதல?"

"அதுல சிரிப்பு இல்லைங்க. அதான் விட்டுட்டேன். தப்புத்தான்."

இரண்டு நாள் கழித்து ஜெரால்டைக் கூப்பிட்டு விட்டாள். "முடிவ மாத்தி எடுடா. இங்கிட்டு எங்க வீட்லயே எடு. மாமாவையே போடு. கடைசி நாள் திருவிழாவுக்கு அதப் போடணும், ஆமா."

லியோன் மீசை இல்லாமல், கிறிஸ்துமஸ் சட்டையில் முட்டி போட்டார். கேமரா ஓடியது. பிரார்த்தனை பாதி தாண்டியிருக்கும். அன்று தண்ணீர் வருகிற நாள்; வழக்கம்போல மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து தொபுதொபுவென்று கொட்டத் தொடங்கியது. பாத்திமா எழுந்திருக்க ஒரு காலை ஊன்றினாள். லியோன் ஒரு பார்வை பார்த்தார். அவள் மறுபடி முட்டி போட்டுக்கொண்டாள்.

கடைசிப் பதில் வரை ஒருவரும் அசையவில்லை. தண்ணீர் படியிறங்கி வந்து, வாசலில் கிடந்த ஜெரால்டின் செருப்பில் ஒன்றைத் தெருவுக்குக் கொண்டுபோனது. அருளம்மாள் ஒற்றைக் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். பிறகு காலண்டரைப் பார்த்தாள். அன்றைய தாளை இன்னும் கிழிக்கவில்லை.