அருந்ததிக்காக வாங்கிய தொலைநோக்கி

போன மாதம், ஜூன் பள்ளி விடுமுறையில், மலாக்காவின் கிளேபாங் கடற்கரைக் கடைகளில் ஒன்றில் உட்கார்ந்து தேங்காய் ஷேக் குடித்துக்கொண்டிருந்தோம். என் அண்ணன் மகள் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அத்தை, இந்த டெலஸ்கோப் ஓகேவா? போட்டோவும் எடுக்கலாம், கண்ணாலயும் பாக்கலாமாம். ரெண்டுக்கும் ஆகும்னு போட்டிருக்கான்லா." வருடக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வானத்துப் பைத்தியம். 'ரெண்டுக்கும் ஆகும்' என்று யார் சொன்னாலும் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு என் கல்யாணத்துக்குப் போகவேண்டும். அலோர் காஜாவில் ஒரு மண்டபம், நல்ல பகல் வெளிச்சம். அம்மி மிதித்து முடிந்ததும் ஐயர் கையைத் தூக்கி, "அதோ அருந்ததி. தெரியுதாம்மா?" என்றார். அவர் விரல் காட்டிய இடத்தில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே தகரக் கூரை. "தெரியுது சாமி" என்றேன். எல்லாப் பெண்களும் சொல்வதுதான், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். எனக்கென்னவோ அது பல்லிடுக்கில் மாட்டிய மாங்காய் நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. கழுத்தில் மாலையோடு சொன்ன முதல் வார்த்தையே பொய்யா? ஒரு தடவையாவது அந்த நட்சத்திரத்தை நிஜமாகப் பார்த்துவிடவேண்டும் என்று முடிவு செய்தேன்.

அப்போது என் வீட்டுக்காரருக்குச் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை. சட்டையைத் துவைத்தாலும் எண்ணெய் வாடை போகாது. ரெம்பியாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம். இருட்டினால் அப்படி ஓர் இருட்டு, நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். சப்தரிஷி மண்டலத்தின் வால் நடுவில் வசிட்டரும் அருந்ததியும் ஒட்டி நிற்பார்கள் என்பார்கள். கண்ணாடி போட்ட என் கண்ணுக்கு ஒரே புள்ளிதான். "டெலஸ்கோப் வாங்கறேன். மொதல்ல உனக்குத்தான் அருந்ததி" என்று வாக்குக் கொடுத்தார் மனிதர்.

எதை வாங்குவது என்று அவரும் அவரோடு வேலை செய்த அந்தோணியும் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாரக்கணக்கில் வாதாடினார்கள். தேத்தண்ணீரும் பீசாங் கோரேங் வாழைப்பழ பஜ்ஜியும் என் உபயம். முன்னால் லென்ஸ் வைத்த குழாய்தான் வேண்டும் என்பதில் சண்டையில்லை. நீளமா குட்டையா என்பதுதான் சண்டை. நிலாவையும் இரட்டை நட்சத்திரத்தையும் கண்ணால் பார்க்க நீளக் குழாய் சுகம் என்று நானும் படித்து வைத்திருந்தேன். சொன்னேன். "அண்ணி, நீளமா இருந்தா காத்துல ஆடும்லா, போட்டோ போயிடும். இது குட்டை, மூணு லென்ஸ், கலர் பிசிறாது. ரெண்டுக்கும் ஆகும்" என்றான் அந்தோணி. என் தேத்தண்ணீர் செல்லுபடியானது. என் பேச்சு ஆகவில்லை.

குழாய் வந்தது. நட்சத்திரத்தோடு கூடவே திரும்பும் தாங்கியும் வந்தது. அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்தவேண்டும் என்று எந்தக் குளிர் தேசத்துக்காரனோ எழுதி வைத்திருந்தான். நம் மலாக்காவில் துருவன் தரையோடு தரையாகக் கிடப்பான். எங்கள் வீட்டில் செம்பனைக்குப் பின்னால். இரண்டு படித்த ஆம்பிளைகள் தினமும் சாயங்காலம் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மட்டையை வெட்டிவிடலாமா என்றுகூட யோசனை. துருவன் இல்லாமலே நிறுத்தும் வழியைக் கற்றுக்கொள்வதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது.

அப்புறம் கேமரா ஏறி உட்கார்ந்தது, இறங்கவே இல்லை. பக்கத்தில் போனால், "அண்ணி, இப்பதான் போக்கஸ் புடிச்சேன், தொட்றாதீங்க!" ஜனவரியில் ஒரு படம் எடுத்தார்கள், வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புக்குக் கீழே இருக்கும் செந்நிற மேகம். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. சட்டம் போட்டு ஹாலில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம வீட்டுக்குப் பின்னால எடுத்தது" என்று பெருமை. அந்தச் சட்டத்தைத் துடைக்கிற வேலை மட்டும் எனக்கு.

அதே வருடம் ஜூனில் இருட்டியதுமே சப்தரிஷி வடக்கே ஏறி நிற்கும். இவர்கள் தெற்கே விருச்சிகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு போய், "இன்னிக்கு எனக்கு" என்றேன். "கொஞ்சம் இரு" என்றார். எத்தனை மாதம் இருப்பது? நானே கேமராவைக் கழற்றினேன். குழந்தையைக் கீழே போட்டதுபோல் அந்தோணி அலறினான். நான் நின்ற நிலையைப் பார்த்து வீட்டுக்காரர் கண்வைக்கும் லென்ஸைச் செருகி, வடக்கே திருப்பினார்.

குனிந்தேன். ஒரு வெள்ளை வட்டம். போக்கஸ் பண்ணத் திருகினேன். திருகு முடிந்துபோனது, வட்டம் வட்டமாகவே இருந்தது. கண்ணால் பார்க்க நடுவே இன்னொரு துண்டுக் குழாய் மாட்டவேண்டுமாம். வாங்கவே இல்லை. அது இல்லை என்பதே அதற்கப்புறம்தான் இருவருக்கும் தெரிந்தது. அத்தனை மாதத்தில் இரண்டு பேரில் ஒருவர்கூட அதில் ஒரு தடவை கண் வைத்துப் பார்க்கவில்லை! அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"தெரியுதா?" என்றார், அந்த ஐயரைப் போலவே ஆசையாக.

"தெரியல."

"நல்லா பாரு."

"ஒண்ணுமே தெரியலங்க!" பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அந்தத் துண்டுக் குழாயை வாங்கிவிடலாம், வாங்கிவிடலாம் என்றே காலம் போனது. அந்தோணி ஜோகூருக்கு மாற்றலாகிப் போனபோது, படம் எடுக்க ஆகும் என்று தொலைநோக்கியும் அவனோடு போனது. தோட்டத்தை விற்றார்கள், மரங்களைச் சாய்த்தார்கள், பெரிய கிடங்கு கட்டினார்கள். அதன் வெள்ளை விளக்குகள் விடியும்வரை எரிகின்றன. எவனைக் கேட்டு ஊர் வானத்தை இப்படி வெளுத்தார்களோ.

அதனால்தான் அந்தக் கடையில் அண்ணன் மகளிடம், "ரெண்டுக்கும் ஆகறது இருக்குடி. ஒன் கண்ணுக்கு எப்ப முறைன்னு மாப்பிள்ளைய கேட்டுட்டு வாங்கு" என்றேன். அன்று வீட்டுக்கு வந்து இதை இவரிடம் கத்தித் தீர்த்தேன். கேட்டு முடித்தவர், என்னைப் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வானம் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. சப்தரிஷியில் ஒன்றைக்கூடக் காணோம். விளக்குக் கம்பத்துக்கு மேலே கையைத் தூக்கி, "அங்கதான் இருக்கணும். தெரியுதா?" என்றார்.

"தெரியல" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார். கையை மட்டும் இறக்கவில்லை.