திரைக்காரரின் செருப்பு

மாத்தளையில் என் மகளின் திருமண வரவேற்பில் காணொளி காட்ட வந்த ஒல்லியான மனிதர், ஓட்டும் பொத்தானை அழுத்துமுன் செருப்பைக் கழற்றிவிடுவார். கணினியில் படம், ஒலி, திரை என்று பெயரிட்ட பெட்டிகளைக் கோடுகளால் இணைத்துவிட்டு, பயபக்தியோடு அழுத்தினார். மகளின் சிறுவயதுக் காணொளியிலிருந்து அவள் மழலைக் குரல் ஒலித்தது; திரையோ கறுத்தே கிடந்தது. சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தனர்.

"கோடெல்லாம் சரிங்க சேர். வீடியோவோட கோடெக்தான், படத்தைச் சுருக்கி வச்சிருக்கிற முறை, இந்த சொஃப்ட்வெயாருக்கு ஒத்துவரல. மாத்திடுறேன். அதுவரைக்கும் நீங்க ஏதாச்சும் பேசுங்க," என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

இல்லறத்தின் மாண்பு குறித்து உரையாற்றினேன். விருந்தினர் ஒவ்வொருவராகச் சாப்பாட்டுக்கு நழுவினர். தொண்டை வறண்டு திரும்பினால், அவர் வெறுங்காலோடு கைகட்டி நின்றிருந்தார்.

"ரெடியா?"

"அப்பவே ரெடிங்க சேர். பெரியவங்க பேசுறப்போ குறுக்க வரலாமா?"

காணொளி தெளிவாக ஓடியது, பார்க்கத்தான் ஆளில்லை. ஆயினும், என் உரையை இறுதிவரை நின்று கேட்ட ஒரே மனிதர் என்பதால், அவர்மீது எனக்கு இன்றும் தனி மதிப்புண்டு.