குற்றாலம் போனோம், என் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டார்

இருபத்திரண்டாவது கல்யாண நாளுக்குக் குற்றாலம் போகலாம் என்று சொன்னது நான்தான். ஜூலை இரண்டாவது வாரம், சீசன் நன்றாகப் பிடித்திருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகளையும் கூப்பிட்டேன். "அப்பா வந்தா நான் வரலம்மா, எங்க போனாலும் கத்துவாங்க" என்று போனை வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் சாமுவேலின் கோபம் எங்கள் தெருவுக்கே தெரியும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களிலிருந்து தினமும் விடியற்காலையில் முழங்காலில் நின்று, அந்தக் கோபத்தை எடுத்துப்போடும்படி ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் பெரிதாக நம்பவில்லை.

சனிக்கிழமை காலை திருநெல்வேலியில் பஸ் ஏறி, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் தென்காசி. அங்கேயே லாட்ஜில் அறை போட்டு, லாட்ஜ்காரர் மூலமாகவே 2,200 ரூபாய்க்கு ஒரு நாள் வாடகைக் கார் பேசினோம். டிரைவர் யூசுப் பாய், கடையநல்லூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். ஐந்தருவியில் கூட்டம் இருந்தாலும் வரிசை நகர்ந்தது. மெயினருவியில் தண்ணீர் அதிகம் என்று குளிக்க விடவில்லை. அதனால் பழைய குற்றாலத்துக்குப் போனோம்.

குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்தால் காரைக் காணோம். எங்கள் பைகள் எல்லாம் அதற்குள். போனும் போகவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து வந்த யூசுப் பாய், தொழப் போனதாகவும் வழியில் வண்டிகள் நெருக்கிவிட்டதாகவும் சொல்ல ஆரம்பித்தார்.

"சாமானத் தூக்கிட்டு ஓடப் பாத்தியாலே, களவாணிப்பயலே!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

அங்கே நின்ற டிரைவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யூசுப் பாய் வண்டியை எடுத்தார். எங்களை லாட்ஜில் இறக்கிவிட்டு, வாடகையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனால் புதிதாக ஒன்றும் இல்லை.

மறுநாள் தென்காசியில் ஒரு ஆலயத்துக்கு ஆராதனைக்குப் போனோம். அன்று திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் வாங்க வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற என் வீட்டுக்காரர், இன்னும் இரண்டு பேர்தான் பாக்கி என்னும்போது சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார். நெஞ்சுவலியோ என்று பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன்.

"கை நீட்ட முடியல ஸ்டெல்லா. தொழுதுட்டு வந்த மனுசனக் களவாணின்னுட்டேன்."

இந்த மனிதர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல்லைக்கூட நான் கேட்டதில்லை. லாட்ஜில் விலாசம் வாங்கிக்கொண்டு, ஆட்டோவில் பதினேழு கிலோமீட்டர் கடையநல்லூருக்குப் போனோம்.

வாசலில் நின்றே கேட்டார். "பாய், நான் பேசுனது தப்பு. மன்னிச்சிருங்க."

யூசுப் பாய் உள்ளே கூப்பிடவில்லை. "அத்தன பேரு முன்னாடி களவாணின்னீய. இப்ப வீட்டு வாசல்ல வந்து காதுக்குள்ள மன்னிப்பு கேக்கீய. நாளைக்கு அங்கன நான் எப்படி மூஞ்சியக் காட்ட?"

இவர் கழுத்து நரம்பு புடைத்தது. அது எனக்குப் பழக்கமான அறிகுறி. கையைப் பிடித்து இழுக்கப் போனேன். அவர் கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு, "நியாயம்தான் பாய். அங்கனயே போவோம், வண்டிய எடுங்க" என்றார்.

பழைய குற்றாலத்தில், டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றார். "அண்ணாச்சிமாரே, நேத்து இவரக் களவாணின்னு கத்துனது நான்தான். இவரு தொழப் போயிருந்தாரு. ஒரு தப்பும் பண்ணல. கோவத்துல நான்தான் கேவலமாப் பேசிட்டேன்." ஒருவர் சிரித்தார். "குடிச்சிருக்காரோ?" என்று இன்னொருவர் கேட்டது என் காதில் விழுந்தது. அவர் காதிலும்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போதும், ஏறுங்க" என்று யூசுப் பாய் கார் கதவைத் திறந்தார். தென்காசியில் இறக்கிவிடும்போது, "மனசு ஆறிட்டு. ஆனா அடுத்த தடவ வேற வண்டி பாத்துக்கிடுங்க" என்றார். அதற்கும் "சரி பாய்" என்றுதான் சொன்னார் என் வீட்டுக்காரர்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். மாற்றுத்துணியைக் காரில் விடாமல் கையோடு கொண்டுபோங்கள். டிரைவருக்கும் பசிக்கும், தொழுகை இருக்கும். எங்கே, எப்போது நிற்பார் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு முன் பஸ் ஏறினால் திருநெல்வேலிக்கு உட்கார்ந்தே வரலாம். எங்களுக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது.

அதில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. "ஒரு நாள் பழகின டிரைவர்கிட்ட கேட்டீங்க. எங்கிட்ட ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?"

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கேக்கணும்னுதான் இருக்கு. எதுல இருந்து ஆரம்பிக்கன்னு தெரியல."

"கல்யாணத்தன்னைக்கு இருந்து ஆரம்பிங்க."

மெல்லிய குரலில் ஆரம்பித்தார். நானே மறந்துபோனதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. பஸ் ஆலங்குளத்தைத் தாண்டும்போது, முதல் வருஷம்கூட முடிந்திருக்கவில்லை.