மாலினி தேயிலையும் என் பெயரும்

கொழும்பில் மாலினி தேயிலை இல்லாத வீடு குறைவு. யார் அந்த மாலினி என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும்: முதலாளியின் மகள், இறந்துபோன மனைவி, சினிமா நடிகை. எனக்கு இது வெறும் வம்பு இல்லை. கொட்டாஞ்சேனையில் அந்தத் தேயிலையைப் பொதி செய்த அப்பா, பக்கற்றில் இருந்த பெயரைத்தான் எனக்கு வைத்தார். பள்ளிக்கூடத்தில் என்னை 'பிளேன்ரீ', அதாவது பால் விடாத தேநீர், என்றே கூப்பிடுவார்கள். ஏன் வைத்தார் என்று நான் கேட்குமுன் அப்பா போய்விட்டார். போன மாதம், 2007 செப்டெம்பரில், ஒரு சனிக்கிழமை கேட்டுவரக் கிளம்பினேன்.

வெள்ளவத்தையில் காலை எட்டரைக்கு, கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ். டிக்கெட் இருபது ரூபாய். தூரம் பத்துக் கிலோமீற்றர்தான்; சோதனைச் சாவடிகளின் தயவில் ஒன்றேமுக்கால் மணி நேரம் பிடித்தது. மருதானையில் எல்லோரையும் பையோடு இறக்கினார்கள்.

"பெயர்?" சிப்பாய் சிங்களத்தில் கேட்டான்.

"மாலினி."

"தேயிலையா?" என்று சிரித்தான். அடையாள அட்டையில் ராமசாமி என்ற அப்பாவின் பெயரைப் படித்ததும் சிரிப்பு நின்றது. பையை மேசையில் கொட்டச் சொன்னான். மாலினி என்ற பெயர் சிங்களப் பெண்களுக்கும் உண்டு என்பதால், இது எனக்குப் பழகிய கூத்து.

அப்பா வேலை பார்த்த கொட்டாஞ்சேனைக் கடையை இப்போது நடத்துபவர் பழைய முதலாளியின் மகள் ரஞ்சி அன்ரி. யாழ்ப்பாணத்துக்காரர். நான் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"மாலினி எண்டு ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. அய்யா ஒரே தூளை மூண்டு பேரில பக்கற் போட்டு முகத்துவாரத்துக் கடையளுக்குக் குடுத்தவர். மீனாட்சி, குயின், மாலினி. மாலினிதான் முதல்ல வித்து முடிஞ்சது. தமிழாக்களும் சிங்கள ஆக்களும் தங்கட பேரெண்டு நினைச்சு வாங்கினவை."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆளே இல்லாத பெயரா! எழுந்தபோது அன்ரி கையைப் பிடித்தார்.

"உங்கட அப்பா அய்யாட்டக் கேட்டுத்தான் வைச்சவர். 'இந்தப் பேரு எங்க போனாலும் விக்குதுங்க மொதலாளி, எம் மகளும் எங்க போனாலும் பொழைச்சுக்கட்டும்' எண்டவர்."

தேயிலைத் தோட்டத்தில் பிறந்த அப்பாவின் மலைநாட்டுப் பேச்சு அப்படியே அன்ரியின் வாயில் வந்தது. அழுதுவிட்டேன். எந்தக் கலவரத்திலும் பிள்ளை தப்பிவிட வேண்டும் என்று வைத்த பெயர். தன் பெயரே குறுக்கே வரும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

திரும்பும்போது மருதானையில் அதே சிப்பாய்.

"பெயர்?"

"ராமசாமி மாலினி."

நிமிர்ந்து பார்த்தான். பையில் அன்ரி தந்த தேயிலைப் பக்கற்று இருந்தது. "எங்கள் வீட்டிலும் இதுதான்" என்று அதை ஓரமாக நிறுத்தி வைத்தான். பிறகு பையைக் கொட்டினான்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு கடை பூட்டு. அடையாள அட்டையை மறக்க வேண்டாம். பையில் அதிகம் வைக்காதீர்கள், திரும்ப அடுக்குவது பெரிய தொல்லை. பெயர் கேட்டால் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். நான் இனி அப்பாவையும் சேர்த்தே சொல்வேன்.