வாசல்பாறைக்குப் போன சனிக்கிழமை

காலை ஒன்பது மணி. பாம்பன் ரயில்நிலையத்துக்கு வெளியே ஓரணா இட்லி நாலு தின்று, கைகழுவிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். தவறு அந்த நிமிடத்தில்தான் தொடங்கியது.

“ராகுகாலம் பொறந்துருச்சு. பத்தரைக்கு மேல கெளம்புவோம்” என்று பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

என் மகள் வள்ளிக்குப் பதினெட்டு வயது. அடுத்த வாரம் ஆசிரியப் பயிற்சிக்கு மதுரை போகிறாள். அதற்குள் வாசல்பாறையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஸ்டேஷனிலிருந்து தெற்கே இரண்டு மைல் நடந்தால் கரை. அங்கிருந்து கடலுக்குள் இரண்டு பர்லாங்கு தூரத்தில், அலை குடைந்து குடைந்து வாசல்போல் ஆக்கிய பாறை. மதுரைக் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து படம் பிடித்துப் போகும் இடம். நீர் வற்றும் நேரத்தில் மட்டும் ஒரு கல்திட்டு வெளியே தெரியும். அதன்மேல் நடந்து போகலாம்.

பாம்பனிலுள்ள பள்ளித்தோழி ஜைனம்புவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, வள்ளி எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்திருந்தாள். 9.45 கரை. 10.00 பாறை. 10.30 திரும்புதல். ஜைனம்புவின் வாப்பா கரையில் இருந்து கூட்டிப்போவார்.

“அய்யா, அவுக காத்துக்கிட்டு இருப்பாக. தண்ணியும் ஏறிரும்.”

“இருக்கட்டுமே. அபிராமத்துலருந்து இம்புட்டுத் தூரம் வந்துருக்கோம். கடலு எங்க ஓடிப்போகுது?”

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பத்தரைக்குக் கிளம்பினோம்.

11.15. கரையில் ஒருவரும் இல்லை. தாழம்புதர் நிழலில் நாலைந்து பீடித் துண்டுகள் மட்டும் கிடந்தன. பாறை அழகாகத்தான் இருந்தது. அதன் ஓட்டை வழியாக அந்தப்பக்கத்துக் கடல் வேறொரு நீலமாகத் தெரிந்தது. கல்திட்டின்மேல் கணுக்காலளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னொரு நாளைக்கு வருவோம்யா” என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவள் போட்ட திட்டத்தைக் கெடுத்தவன் நான். “கணுக்கால் தண்ணிதான? கம்மாயில பாக்காத தண்ணியா? போயித் தொட்டுட்டு ஓடியா. நா இங்கன சோத்துப் பையோட இருக்கேன்” என்றேன். எங்கள் ஊர்க் கண்மாயில் காலையில் கணுக்காலளவு இருந்த தண்ணீர் மாலையிலும் கணுக்காலளவுதான் இருக்கும். ஐம்பது வயதுவரை நான் அறிந்த தண்ணீர் அது ஒன்றுதான்.

11.50. வள்ளி பாறைவாசலில் நின்று கையசைத்தாள். நானும் அசைத்தேன். புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, அவளுக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்தேன். நிமிர்ந்தபோது கல்திட்டைக் காணவில்லை.

முதலில் இடம் மாறிப் பார்க்கிறேனோ என்று நினைத்தேன். பிறகு கத்திக்கொண்டே இறங்கினேன். முப்பது அடி போவதற்குள் தண்ணீர் மார்புக்கு வந்தது. ஓர் அலை தூக்கிப் போட்டதில் மூக்குக்கண்ணாடி போயிற்று. “வராதீக, அய்யா! வராதீக!” என்ற குரல் மட்டும் கேட்டது. தவழ்ந்து கரையேறிப் பார்த்தால், பாறை உச்சியில் ஒரு மஞ்சள் புள்ளி. அவள் தாவணி. ஒவ்வொரு அலைக்கும் அது மறைந்து மறைந்து தெரிந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். எண்ணுவதைத் தவிர எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுமில்லை.

அந்த இடத்துக்கு யாரும் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிறவர்கள் நேரத்தைக் கரையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். நான் சட்டைப்பையில் பஞ்சாங்கத்தோடு போனேன். அதுவும் நனைந்து கூழாயிற்று.

1.20. கிழக்கே ஒரு படகின் பாய் தெரிந்தது. வேட்டியை அவிழ்த்து வீசினேன். வல்லம் திரும்பிப் பாறையை ஒட்டிப் போயிற்று. மஞ்சள் புள்ளி அதற்குள் இறங்கியதைப் பார்த்தபின்தான் வேட்டியைக் கட்டினேன்.

கரை சேர்ந்ததும் வள்ளி நடுங்கிக்கொண்டே இறங்கினாள். முழங்காலில் கல் கிழித்து ரத்தம். என்னைப் பிடித்துக்கொண்டாள். படகுக்காரர் தம் துண்டைப் பிழிந்து அவள் தோளில் போர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஜைனம்பு வாப்பா நாந்தாண்ணே. ஒம்போது மணிக்கே வந்து அந்தப் பொதரு நெழல்லதான் உக்காந்திருந்தேன். பத்தரை வரைக்கும் பாத்தேன். புள்ள குறிச்சுக் கேட்ட நேரம் போயிருச்சே, இனி வரமாட்டீகன்னு நெனச்சு வலையெடுக்கப் போயிட்டேன்.”